ஷார்ட்டைக் கண்டறியும் குண்டு பல்பு

மாமல்லபுரத்து நாட்டிய விழா முதல் கோவளம், சதுரங்கப்பட்டினம் குப்பங்களின் ஆடிக் கூழ்வார்த்தல் வரை, கடலோரத் திறந்தவெளியில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பெரும்பகை உப்புக் காற்றே. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், சுற்றுப் பலகையில் படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகி, அருகருகே ஓடும் செம்புத் தடங்களுக்கிடையே மின்சாரத்தைக் கசியவிட்டுப் பச்சைக் களிம்பேற்றி, நாளடைவில் அவற்றை இணைத்தே விடுகிறது. மின்சாரம் இவ்வாறு தன் வேலையைச் செய்யாமல் தடையற்ற வழியில் பாய்ந்து திரும்புவதே ஷார்ட், அதாவது குறுக்குச் சுற்று.

மின்வழங்கிப் பகுதியில் மின்மாற்றி 230 வோல்ட்டை, சான்றாக, 35 வோல்ட்டாகக் குறைக்க, நான்கு டயோடுகளாலான பிரிட்ஜ் அதை ஒருதிசைப்படுத்த, பெரிய மின்தேக்கிகள் சமன்செய்து ஏறத்தாழ 50 வோல்ட்டாக நிறுத்துகின்றன. இவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் பியூஸ் போகும். அப்போது தடித்த கம்பியைச் சுற்றி ஓட்டுவது மின்மாற்றியையே எரிக்கும் கொடிய வழக்கம்.

பட்டறைகளில் கையாளப்படும் சீரியல் பல்பு முறை எளியது, ஆனால் மிகுந்த நுட்பமுடையது. 100 வாட் குண்டு பல்பை ஆம்ப்ளிஃபயரின் மின்னிணைப்பில் தொடராக இணைத்தால், உள்ளே முழு ஷார்ட் இருப்பினும் நிலையாக 0.43 ஆம்பியருக்கு மேல் ஓடாது. நல்ல ஆம்ப்ளிஃபயரில் மின்தேக்கிகள் நிரம்பும் கணத்தில் பல்பு பளிச்சிட்டு உடனே மங்கும். முழு வெளிச்சத்திலேயே நின்றால் ஷார்ட் உறுதி. மின்மாற்றியின் வெளியீட்டைக் கழற்றிய பின்னும் பல்பு மங்காவிடில் பழுது அதன் சுருளில்தான். மங்கினால் பிரிட்ஜிலோ அதற்கப்பாலோ.

அடுத்து, மின்னிணைப்பை நீக்கி, மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தை மின்தடை வழியாக வடித்த பின்னரே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். பலகையிலிருந்து கழற்றிய டயோடு இரு திசையிலும் சுழியம் காட்டினால் அது செத்தது. 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர்களில் உலோக உறையே கலெக்டர் முனை என்பதால், அதற்கும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் இடையிலுள்ள மைக்கா தகடு விரிசலுற்றாலே ஷார்ட் நேரும். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதையே.

உப்பேறிய பலகையை ஆல்கஹாலால் மட்டும் துடைப்பது பயனற்றது, ஏனெனில் உப்பு அதில் பெரிதும் கரைவதில்லை. முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, பின்னரே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை அகற்றி நன்கு உலர்த்த வேண்டும். அதன்மேல் அக்ரிலிக் வார்னிஷ் பூசினால் அடுத்த பருவத்து உப்பு தடங்களை எளிதில் தீண்டாது. வால்யூம் கண்ட்ரோலிலும் இணைப்பு முனைகளிலும் மட்டும் வார்னிஷ் படக்கூடாது.