பாட்டில் சொல்லும் வயதா, மூக்கு சொல்லும் தீர்ப்பா? விஸ்கியை எடைபோடும் கலை!

2010 ஜனவரி. ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளின் விருந்துக்கு விஸ்கி இல்லாமல் முடியாது. அதையொட்டி எடின்பரோ நகரின் லீத் துறைமுகப் பகுதியில், பிரிட்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தது. பெயர் தெரியாமல் கிளாஸ்களில் ஊற்றிவைக்கப்பட்ட சில விஸ்கிகள். மதிப்பெண் போட விஸ்கி நிபுணர்கள்.

முடிவில் பெயர்களைத் திறந்து பார்த்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. முதலிடம் பிடித்தது ஸ்காட்லாந்து விஸ்கி இல்லை. தைவான் தீவில் தயாரான 'கவலான்'. அந்த ஆலையில் முதல் சொட்டு வடிந்ததே 2006-ல்தான். அதாவது, ஜெயித்த விஸ்கிக்கு நான்கு வயதுகூட ஆகியிருக்கவில்லை.

போட்டியில் இருந்தவை பெரிய பெயர் பெற்ற, வயது முதிர்ந்த ஸ்காட்ச் விஸ்கிகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், அந்த நாள் ஒரு கேள்வியை எழுப்பியது. லேபிளைப் பார்க்காமல் ருசித்தால், தீர்ப்பு மாறிவிடுமா?

12 என்றால் என்ன அர்த்தம்?

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் விமான நிலையக் கடையில் வாங்கிவரும் பாட்டிலில், முதலில் எல்லோர் கண்ணும் போவது அந்த எண்ணுக்குத்தான். 12, 15, 18. எண் கூடக் கூட விலையும் மதிப்பும் கூடும்.

அந்த எண் எதைக் குறிக்கிறது? காய்ச்சி வடித்த மது, மரப் பீப்பாயில் இருந்த காலத்தைத்தான். பிரிட்டன் சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பல பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைத்தால், அவற்றில் மிக இளையதின் வயதையே லேபிளில் போட வேண்டும். 12 என்று இருந்தால், அதில் 20 வயது விஸ்கியும் கொஞ்சம் கலந்திருக்கலாம். 11 வயது விஸ்கி ஒரு சொட்டுகூட இருக்க முடியாது.

பாட்டிலில் அடைத்த பிறகு விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. பீரோவில் துணிக்குப் பின்னால் 20 வருடம் பத்திரப்படுத்தி வைத்தாலும், 12 வயது விஸ்கி 12 வயது விஸ்கிதான்.

பிரான்ஸின் கான்யாக் பிராந்தியில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள். வி.எஸ். என்றால் குறைந்தது 2 ஆண்டுகள், வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 10. இலங்கையின் தென்னஞ்சாராயமும் ஹல்மில்லா மரத் தொட்டிகளில் ஊறி வயதேறுவதுதான்.

பெங்களூரின் பேராசைக்காரத் தேவதைகள்

பீப்பாயில் இருக்கும் மது, மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். இப்படிக் குறைவதை 'தேவதைகளின் பங்கு' என்று செல்லமாகச் சொல்வார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம். பெங்களூரில் 10 சதவிகிதத்தைத் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 லிட்டர் பீப்பாயை 12 ஆண்டுகள் வைத்தால், ஸ்காட்லாந்தில் சுமார் 157 லிட்டர் மிஞ்சும். பெங்களூரில் ஆண்டுக்கு 10 சதவிகிதம் என்று வைத்தாலே 56 லிட்டர்தான் மிஞ்சும். 25 ஆண்டுகள் வைத்தால் 15 லிட்டர்கூடத் தேறாது.

வெயில் மதுவைத் திருடுவதோடு நிற்பதில்லை. மரத்துக்கும் மதுவுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் வேகப்படுத்துகிறது. அங்கே 12 ஆண்டுகளில் இறங்கும் சாரத்தில் பெரும்பகுதி இங்கே சில ஆண்டுகளிலேயே இறங்கிவிடும். வெப்ப நாட்டு விஸ்கியை அளவுக்கு மீறி வைத்திருந்தால், மரத்தின் துவர்ப்புதான் மிஞ்சும்.

பெங்களூரின் 'அம்ருத்' நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை உலகுக்கு அறிமுகம் செய்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதை! ஆனால், 2010-ம் ஆண்டின் 'விஸ்கி பைபிள்' கையேட்டில் ஜிம் முர்ரே, அந்த நிறுவனத்தின் 'அம்ருத் ஃப்யூஷன்' விஸ்கிக்கு 100-க்கு 97 மதிப்பெண் கொடுத்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அந்த பாட்டிலின் லேபிளில் வயது எண்ணே கிடையாது. பிறகு எட்டு வயதான ஒரு விஸ்கியை வெளியிட்டபோது, அந்த நிறுவனம் வைத்த பெயர் 'பேராசைக்காரத் தேவதைகள்' என்ற பொருளில் 'கிரீடி ஏஞ்சல்ஸ்'.

ஆக, லேபிளில் உள்ள எண் காலத்தைச் சொல்லும். எந்த ஊர் வெயிலில், எந்த மரத்தில் என்பதைச் சொல்லாது. ருசியை நிச்சயம் சொல்லாது.

கண்ணும் விலையும் செய்யும் சதி

அப்படியென்றால் நிறம்? அடர்ந்த பொன்னிறம் என்றால் பழைய சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைப் பாகான கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. கான்யாக்கிலும் அப்படித்தான்.

நிறம் மூக்கையே ஏமாற்றும் என்பதற்கு 2001-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று சாட்சி. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பற்றிப் படித்த 54 பேரிடம், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை வர்ணித்தது சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளில்.

விலையும் லேசுப்பட்டதல்ல. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும், இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள் குடித்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளையில் இன்பத்தை உணரும் பகுதியே அப்போது கூடுதலாக வேலைசெய்தது ஸ்கேனில் தெரிந்தது.

அஞ்சறைப்பெட்டியே பாடசாலை

எண், நிறம், விலை மூன்றையும் தள்ளிவைத்தால் மிஞ்சுவது மூக்கு. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற சில அடிப்படைச் சுவைகளைத்தான். மற்றதெல்லாம் வாசனை.

விஸ்கி நிபுணர்கள் பயன்படுத்தும் வார்த்தைகளைக் கேட்டால் மிரட்சியாக இருக்கும். ஆனால், அந்த வாசனைகளில் பெரும்பாலானவை தமிழ்ச் சமையலறைக்குப் பழக்கமானவை.

ஓக் மரத்தில் 'யூஜினால்' என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கிராம்புக்கு அந்த மணத்தைத் தருவதும் அதேதான். மரம் சூட்டில் வாட்டப்படும்போது வெளிவரும் வெனிலின், ஐஸ்கிரீமில் வரும் வெனிலா மணம். ஓக்கிலிருந்து இறங்கும் இன்னொரு பொருளுக்குப் பெயரே 'விஸ்கி லாக்டோன்'. அதன் மணம் தேங்காய். நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட்டுக்கு வாழைப்பழ வாசனை.

ஐலா என்ற ஸ்காட்லாந்துத் தீவில், பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பார்கள். அந்த விஸ்கியில் விறகடுப்புப் புகையும் ஆஸ்பத்திரி மருந்து நெடியும் சேர்ந்து அடிக்கும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் வைத்தால் உலர்திராட்சை, பேரீச்சை வாசனை வரும்.

எனவே, மூக்கைப் பழக்க விஸ்கியே தேவையில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், உலர்திராட்சை, தேங்காய்த் துருவல் எனச் சின்னக் கிண்ணங்களை முகர்ந்து பெயர் சொல்லிப் பாருங்கள். தினமும் புழங்கும் பொருளின் பெயர்கூட வாய்க்கு வராமல் தடுமாறுவது தெரியும். இந்த விளையாட்டில் வீட்டுக் குழந்தைகளும் பாட்டியும் தாராளமாகச் சேரலாம். பெரும்பாலும் பாட்டிதான் ஜெயிப்பார்!

வீட்டில் சோதிப்பது எப்படி?

குடிக்கும் பழக்கமும் சட்டப்படியான வயதும் உள்ளவர்கள், கையில் இருக்கும் பாட்டில்களை நேர்மையாக எடைபோட்டுப் பார்க்கச் சில வழிகள் உண்டு.

கிளாஸ்: அடி அகன்று வாய் குறுகிய டியூலிப் வடிவ கிளாஸ் நல்லது. வாசனை மேலே திரண்டு நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி கிளாஸாக இருக்க வேண்டும்.

மறைத்தல்: ருசிக்காத ஒருவர் தனி அறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். ஒரு கிளாஸுக்கு 15 மில்லி போதும். ஒரே அமர்வில் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

சூழல்: சென்ட், ஊதுபத்தி, தாளிப்பு வாசனை இல்லாத அறை. ஐஸ் கூடாது. குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும்.

முகர்தல்: மூக்கை கிளாஸுக்குள் நுழைக்காமல், விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதலில் மதுவின் காரம்தான் தெரியும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்தால் மற்றவை வெளிவரும். தோன்றும் மூன்று வாசனைகளை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் எழுதிவையுங்கள். ஒருவர் 'தேங்காய்' என்று வாய்விட்டுச் சொன்னால், எல்லோருக்கும் தேங்காய்தான் அடிக்கும்.

தண்ணீர்: விஸ்கியில் தண்ணீர் சேர்ப்பது குறையல்ல. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், கம்ப்யூட்டர் மாதிரி மூலம் இதை ஆராய்ந்தார்கள். மது 59 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும்போது, புகை மணம் தரும் குவையகோல் திரவத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் சேரச் சேர அது மேற்பரப்புக்கு வருகிறது. விஸ்கி கலக்கும் நிபுணர்கள் பலரும் மதுவின் அளவை 20 சதவிகிதம் வரை நீர்க்கச் செய்துதான் முகர்கிறார்கள்.

மதிப்பெண்: ஜிம் முர்ரே பின்பற்றும் முறை எளிது. மணம், சுவை, விழுங்கிய பின் நிற்கும் ருசி, இவை ஒன்றோடொன்று சேரும் பொருத்தம். ஒவ்வொன்றுக்கும் 25.

நீதிபதிக்கே ஒரு பரீட்சை

இதில் முக்கியமான தந்திரம் ஒன்று உண்டு. மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே விஸ்கியை ஊற்றச் சொல்லுங்கள். எந்த இரண்டு என்பது ஊற்றியவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். உணவுத் தொழிலில் 'முக்கோணச் சோதனை' என்று இதற்குப் பெயர்.

ஒரே விஸ்கிக்கு ஒரு கிளாஸில் 85, இன்னொன்றில் 70 போட்டிருந்தால், இருவேறு விஸ்கிகளுக்கு இடையில் கண்ட 10 மதிப்பெண் வித்தியாசத்துக்கு என்ன மரியாதை? தனித்து நிற்கும் கிளாஸைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், அந்த இரண்டு பாட்டில்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் நாக்குக்காகக் கொடுத்தது அல்ல. அது தெரிவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடுத்த முறை பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

மூக்கு தோற்கும் இடம்

எவ்வளவு பழகிய மூக்கும் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. மெத்தனால். சாதாரண மதுவிலிருந்து அதை மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கி, உயிரையே எடுத்துவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். முகர்ந்து பார்த்து, நல்ல சரக்கு என்று யாராவது சான்றிதழ் கொடுத்தால் அதை நம்பக் கூடாது.

அளவு விஷயத்திலும் மூக்கே எச்சரிக்கை கொடுக்கும். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். மது உள்ளே போகப் போக எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆலைகளில் நாள் முழுக்க மாதிரிகளைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் முகர்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாயில் வைத்தாலும் துப்பிவிடுகிறார்கள். நான்காவது கிளாஸை எடுக்கும் கை, மதிப்பெண் போடும் தகுதியை இழந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்று கிளாஸ்களை முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, எழுதி முடித்த பிறகு கிளாஸ்களின் அடியில் இருக்கும் எண்களைத் திருப்பிப் பாருங்கள். மிச்சம் இருப்பதை சிங்க்கில் ஊற்றிவிடலாம். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இனி அந்த மிச்சத்தால் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

(மது எந்த அளவிலும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் அஞ்சறைப்பெட்டியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது!)