அளவுகோல் இல்லாமல் அளக்கும் உயிரணு

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்கள் இரு பக்கமும் சரிசமமாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்று கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழல்கள், விலங்கு உயிரணுக்களில் பெரும்பாலும் ‘சென்ட்ரோசோம்’ என்ற மிகச் சிறிய அமைப்பிலிருந்தே கிளம்புகின்றன. 1888இல் அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய உயிரியல் அறிஞர் தியோடோர் போவெரி.

சென்ட்ரோசோமின் நடுவே ‘சென்ட்ரியோல்’ எனப்படும் இரு குட்டி உருளைகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் புரதங்கள் திரண்டிருக்கின்றன. உயிரணு பிரியத் தயாராகும்போது இந்தப் புரதத் திரள் பெருக்கிறது. பிரிந்து முடிந்ததும் கலைந்துவிடுகிறது. எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பது உயிரணுவுக்கு எப்படித் தெரிகிறது? அதனிடம் அளவுகோலும் இல்லை, தராசும் இல்லை.

புழுவிடம் கிடைத்த விடை

இதற்கு விடை தேட உதவியது ‘சி. எலிகன்ஸ்’ என்ற புழு. சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள இதன் உடல் கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடும். உயிரணுக்கள் பிரிவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்க்கலாம். இப்புழுவை ஆய்வுக்கூடங்களில் பிரபலமாக்கிய சிட்னி பிரென்னர் 2002இல் நோபல் பரிசு பெற்றவர். சிங்கப்பூரின் உயிர்மருத்துவ ஆய்வுத் துறை வளரவும் துணைநின்றவர்.

புழுவின் கருமுட்டை வளராமலேயே 2, 4, 8 எனப் பிரிகிறது. ஒவ்வொரு முறையும் உயிரணுக்கள் சிறியதாகின்றன, சென்ட்ரோசோம்களும் சிறுக்கின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தினர் அவற்றை அளந்து, 2011இல் இரண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஒன்று: கருவிலுள்ள எல்லாச் சென்ட்ரோசோம்களின் கன அளவையும் கூட்டினால், எந்தக் கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வருகிறது. மற்றொன்று: ஓர் உயிரணுவில் சென்ட்ரோசோம்களின் எண்ணிக்கை மாறினாலும் மொத்தக் கன அளவு மாறுவதில்லை.

ரொட்டி சானாய் கடையை நினைத்துப் பாருங்கள். பிசைந்து வைத்த மாவை 10 உருண்டைகளாகப் பிடித்தால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். 20 என்றால் சிறிதாகிவிடும். உருண்டையின் அளவை முடிவு செய்வது கையிருப்பு மாவுதான். அதுபோலத் தாய்ப்புழு முட்டைக்குள் வைத்த புரதத்தின் அளவே சென்ட்ரோசோமுக்கும் எல்லை வகுக்கிறது. ‘எஸ்பிடி-2’ என்ற புரதத்தின் அளவைக் கூட்டியபோது சென்ட்ரோசோம்கள் பெரிதாயின. புரதத் திரளை வளரச் செய்யும் ‘போலோ’ என்ற நொதியை அங்கு கொண்டுவந்து சேர்ப்பதும் இந்தப் புரதமே.

இந்த விளக்கம் கருவின் தொடக்க நாழிகைகளுக்கு நன்கு பொருந்துகிறது. வளர்ந்த உயிரணுக்களோ புதிய புரதங்களைத் தாமே தயாரிக்கக்கூடியவை. அங்கே கையிருப்போடு, நொதிகள் எப்போது விழிக்கின்றன, எப்போது ஓய்கின்றன என்பதும் முக்கியம்.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பல புற்றுநோய்க் கட்டிகளில் சென்ட்ரோசோம்கள் அளவுக்கு மீறிப் பெருத்தோ எண்ணிக்கையில் கூடியோ காணப்படுகின்றன. குரோமோசோம் பங்கீடு தவறுவதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று போவெரி 1914லேயே எழுதினார். சென்ட்ரோசோமின் மாற்றம் நோய்க்குக் காரணமா, அதன் விளைவா என்பது இன்றும் ஆராயப்படுகிறது. இயல்பான உயிரணு தன் அளவை எப்படிக் காக்கிறது என்று தெரிந்தால்தான், அது எங்கே பிசகுகிறது என்பதையும் கண்டறிய முடியும்.