முதல் மணி யாருக்கு?



ஊவா மலைச்சாரலிலே, பசறையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அவனும் நானும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு காலையில் நடந்த கிரிக்கெட் போட்டிக்காக அவன் ஆலயத்துக்கு வராதிருந்தான். அதற்காக நான் அவனைக் கடிந்துகொண்டேன். அவனோ பணிவாக, "சேர், ஆறு நாளும் பாடமும் வகுப்புந்தான். ஞாயிறு ஒன்றுதான் எங்களுடைய நாள். அதையும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்?" என்றான்.

நியாயமான கேள்வி. உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இன்று அதனையே உங்கள் முன் வைத்து ஆராய விரும்புகிறேன்.

ஓய்வு நாளைப் பற்றிய கட்டளை பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அது வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், ஏன், வாயில்லாக் கால்நடைக்கும் ஓய்வு உண்டென்று விதிப்பது. ஆகவே வழிபாடும் ஓய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உழைப்பாளிக்கு ஓய்வு வேண்டுமென்று கேட்ட முதற் குரல்களுள் அக்கட்டளையும் ஒன்று.

ஆயினும், ஓய்வு கிடைத்தபின்தான் வழிபாடு தொடங்கிற்று என்று எண்ணலாகாது. கி.பி. 112 ஆம் ஆண்டளவில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராயிருந்த பிளினி என்பவர், உரோமைப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் ஒன்று வரைந்தார். கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளிலே, விடியுமுன் கூடித் துதி பாடுகின்றனர் என்று அதில் அவர் தெரிவித்தார். அவர்களுள் அடிமைகளும் இருந்தனர். ஞாயிற்றைச் சட்டப்படி ஓய்வு நாளாக்கியவர் கொன்ஸ்தாந்தீன் மன்னர். அது நடந்ததோ 321 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் விடுமுறை என்பதே இல்லாமல் அம்மக்கள் வழிபட்டு வந்தனர்.

நமது நாட்டிலும் இத்தகைய காலம் ஒன்று இருந்தது. 1966 முதல் 1971 வரை வார விடுமுறை போயா நாட்களுக்கு மாற்றப்பட்டது. ஞாயிறு வேலை நாளாயிற்று. அப்பொழுது ஆசிரியராயிருந்த என் தந்தையார், பதுளையின் பனி விலகுமுன் ஆலயத்துக்குச் சென்று, அங்கிருந்தே நேரே பாடசாலைக்குப் போவாராம். "விடுமுறை போயிற்று, ஞாயிறு போகவில்லை" என்று பிற்காலத்தில் அடிக்கடி சொல்லுவார்.

அப்படியாயின் விளையாட்டு பாவமோ? அன்று. 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியிலே, நூறு மீற்றர் ஓட்டத்தின் முதற் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அறிந்த ஸ்கொத்லாந்து வீரர் எரிக் லிடெல், அதில் ஓட மறுத்துவிட்டார். வேறொரு நாளில் நானூறு மீற்றர் ஓடி, 47.6 வினாடியில் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் சீனாவிலே ஊழியம் செய்து, 1945 இல் யப்பானியரின் தடுப்பு முகாமில் உயிர் நீத்தார். அம்முகாமிலே ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்கள் கண்காணிப்பின்றிச் சண்டையிட்டபோது, அந்நாளிலும் நடுவராக நின்று அவர்களை விளையாடுவித்தாராம். இதனைச் சிந்தியுங்கள். தமது புகழுக்காக விட்டுக்கொடுக்காத நாளைப் பிறர் நலத்துக்காக அவர் விட்டுக்கொடுத்தார். அவர் விளையாட்டை வெறுத்தவரல்லர். எதற்கு முதலிடம் என்பதை அறிந்தவர்.

இனி, அந்த மாணவனுக்குரிய விடை. அதனை நான் கண்டுபிடிக்கவில்லை. கொழுந்து பறிக்கும் அவன் தாயாரே ஒருநாள் ஆலய வாசலில் எனக்குச் சொன்னார். "ஐயா, வேலை நாளெல்லாம் விடிந்தால் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். போகாவிட்டால் பேர் இல்லை. என் விடியலெல்லாம் தோட்டத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை விடியல் ஒன்றைத்தான் யாரும் கேட்காமல் நானாகக் கொடுக்கிறேன்" என்றார்.

இதனினும் சிறந்த விடை எது? தோட்டத்துத் தமிழரின் நேரம், தலைமுறை தலைமுறையாகத் தப்பொலிக்கும் சங்கொலிக்கும் கட்டுப்பட்டிருந்தது. அவர்கள் மனமுவந்து கொடுக்கக்கூடிய மணி ஒன்றே ஒன்று. அதனைக் கைத்தொலைபேசியும் திரைப்படமும் கேளாமலே எடுத்துக்கொள்வது ஓய்வாகாது; எசமானை மாற்றிக்கொள்வதேயாகும். கொடுப்பவன் தன் நேரத்துக்கு உரியவன்; பறிகொடுப்பவன் உரியவனல்லன்.

ஆகவே சில சொற்கள் கூறி முடிக்கிறேன். ஞாயிறு காலையின் வெற்றி தோல்வி சனி இரவிலேயே முடிவாகிறது. நள்ளிரவுவரை படம் பார்த்த கண்கள் மணியோசைக்குத் திறவா. பெற்றோர் முதலில் தம் கைத்தொலைபேசியை அணைத்து வைத்தால் பிள்ளைகளும் பின்பற்றுவர். போட்டி நடத்தும் இளைஞர் கழகங்கள் ஆட்டத்தை முற்பகல் பதினொரு மணிக்குமேல் தொடங்கலாம். தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் காலைப்பொழுதை விட்டுவைக்கலாம். அயலிலுள்ள இந்துப் பிள்ளைகளின் அறநெறி வகுப்புக்கும் இது உதவும்.

அந்த மாணவனை நான் மீண்டும் கடியவில்லை. அடுத்த போட்டியைப் பிற்பகலுக்கு மாற்றும்படி கழகத்தாரிடம் பேசினேன், அவர்களும் இசைந்தனர். அன்று காலை அவன் தாயாரின் அருகே அமர்ந்திருந்தான். பிற்பகலில் நானும் மைதானத்துக்குச் சென்று அவனது ஆட்டத்தைக் கண்டு களித்தேன்.