உங்களுக்குத் தெரியுமா? 'சேவ்' கொடுத்த செட்டிங் எங்கே போகிறது?

● சர்வர் கன்ட்ரோல் பேனலில் ஒரு நீளமான செட்டிங்ஸ் பக்கம். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றி 'சேவ்' அழுத்தினால், 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் செய்தி வருகிறது. மறுபடி திறந்து பார்த்தால் மேல்பாதி மாறியிருக்கிறது, கீழ்ப்பாதி பழையபடியே நிற்கிறது. பேனல் பிஎச்பியில் எழுதப்பட்டதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' என்ற வரம்பைத்தான். ஒரு படிவத்திலிருந்து எத்தனை விவரங்களை வாங்கலாம் என்பதற்கு பிஎச்பி வைத்திருக்கும் உச்சவரம்பு அது. நாம் மாற்றாதவரை 1000. அதற்கு மேல் வருவதெல்லாம் கழித்துவிடப்படும். எர்ரர் லாகில் ஒரு எச்சரிக்கை வரி விழும், அவ்வளவுதான். அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

● இந்த வரம்பு வந்ததற்குக் காரணம் ஒரு தாக்குதல் முறை. வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த பெயர்களோடு ஆயிரக்கணக்கான விவரங்களை ஒரே படிவத்தில் அனுப்பினால், அவற்றை அடுக்கி வைப்பதிலேயே சர்வரின் சிபியு திணறிப் போகும். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இதைச் செய்து காட்டினார்கள். அடுத்த மாதமே வெளியான பிஎச்பி 5.3.9-இல் வரம்பு சேர்ந்துவிட்டது.

● வரம்பை நிரலுக்குள்ளிருந்து உயர்த்த முடியாது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே படிவம் பிரிக்கப்பட்டுவிடும். பிஎச்பியின் ஐஎன்ஐ கோப்பில் எண்ணைக் கூட்டி, பிஎச்பி சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

● சிபேனல் சர்வரில் அப்பாச்சியின் முதன்மைக் கோப்பைக் கையால் திருத்துவது வீண்வேலை. அடுத்த முறை அமைப்பைக் கட்டும்போது பேனல் அந்தக் கோப்பையே புதிதாக எழுதிவிடும். சொந்த வரிகளுக்கென்றே 'இன்க்ளூட் எடிட்டர்' இருக்கிறது.

● பப்பெட் போன்ற கருவி நிர்வகிக்கும் சர்வர் இன்னும் கறார். வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, தன் பொறுப்பில் உள்ள கோப்பில் நீங்கள் கைவைத்திருந்தால் பழையபடி ஆக்கிவிட்டுப் போகும். 'யாரோ மாற்றுகிறார்கள்' என்று சக ஊழியரைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

● சிஸ்கோ ரவுட்டரில் நடப்பு அமைப்பு வேறு, தொடக்க அமைப்பு வேறு. கட்டளை அடித்தவுடன் மாறுவது நினைவகத்தில் உள்ள முதலாவது மட்டுமே. சிலேட்டில் எழுதியது போல, மின்சாரம் போனால் அழிந்துவிடும். லினக்ஸின் ஃபயர்வால்-டி-யும் இதே ரகம். 'பெர்மனன்ட்' என்று சேர்க்காமல் திறந்த போர்ட், ரீபூட் ஆனதும் மூடிக்கொள்ளும்.

● மைஎஸ்க்யூஎல்லில் 'செட் குளோபல்' போட்ட மாற்றம் ரீஸ்டார்ட்டைத் தாண்டாது. 8.0 பதிப்பில் வந்த 'செட் பெர்சிஸ்ட்' தாண்டும். போஸ்ட்கிரெஸில் சிக்கல் வேறு: 9.4-இல் அறிமுகமான 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளை தனி ஆட்டோ கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்பு கடைசியில் வாசிக்கப்படுவதால், முதன்மைக் கோப்பில் நீங்கள் போட்ட மதிப்பு அடிபட்டுப்போகும்.

● வட்டில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்று எழுத மறுக்கிறதா? ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு தீர்ந்திருக்கலாம். லட்சக்கணக்கான சின்னச் சின்ன செஷன் கோப்புகள் சேர்ந்தால் இப்படி ஆகும்.

● சேவ் ஆகாமலிருப்பதே சில நேரம் காப்பாற்றும். ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு' என்றொரு கட்டளை உண்டு. மாற்றத்தை அமல்படுத்தியபின் 10 நிமிடத்துக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால், கருவி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். தப்பான ஃபயர்வால் விதி போட்டு, தொலைவிலுள்ள கருவிக்குள் தானே நுழைய முடியாமல் நிற்பவருக்கு இது வரம்.

● இனி பச்சைச் செய்தியை நம்பாதீர்கள். சேவ் அழுத்தியதும் அமைப்புக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பாருங்கள். மாறவில்லையென்றால் எழுதும் உரிமையையும் லாகையும் சோதியுங்கள். செட்டிங் மாறி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால், அந்தக் கோப்பை எழுதும் இன்னொரு நிரலைத் தேடுங்கள்.