பூமியை நேரலையில் காட்டும் திட்டம்

பூமியின் கிட்டத்தட்ட எந்த இடத்தையும் நேரடி வீடியோவாகக் காட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எர்த்நவ் நிறுவனம். ரஸ்ஸல் ஹன்னிகன் தொடங்கிய இதில் பில் கேட்ஸ், ஏர்பஸ், சாஃப்ட்பேங்க் போன்றோர் முதலீடு செய்தனர். காட்சி வந்துசேர ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகும் என்றது நிறுவனம்.

சொல்வது எளிது, செய்வது கடினம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் ஒரே பகுதியை இடைவிடாமல் பார்க்கும். ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு தெரியாது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்குப் படகு தெரியும். ஆனால் அது நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், சில நிமிடங்களில் அந்த இடத்தைக் கடந்துவிடும். 2013இல் ஏவப்பட்ட ஸ்கைசாட்-1 ஒரே மூச்சில் 90 நொடி வரைதான் வீடியோ எடுத்தது. நேரலை அறுபடாதிருக்க, ஒன்று மறையுமுன் அடுத்தது வந்தாக வேண்டும். எர்த்நவ் சுமார் 500 செயற்கைக்கோள்களைத் திட்டமிட்டது அதனால்தான்.

காட்டுத்தீயையும் கள்ள மீன்பிடிப்பையும் உடனே காண முடிவது பெரும் பயன். தனிமனித அந்தரங்கம் பற்றிய கவலையும் நியாயமானதே; அதற்குச் சட்டம் முன்கூட்டியே வேண்டும். இன்னொரு வரம்பும் உண்டு: சாதாரணக் கேமரா மேகத்தை ஊடுருவாது. புயல் நாளில் வெள்ளத்தைக் காண ரேடார் செயற்கைக்கோள்களே உதவும்.