குழாயில் கரைந்த விஷம்

ஜலத்தைக் காய்ச்சிவிட்டால் கவலையில்லை என்பது நம் இல்லங்களில் வேதவாக்கு. கிருமிகளுக்கு அது பொருந்தும், ஈயத்துக்குப் பொருந்தாது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்துப் பிளின்ட் நகரத்தார் பட்டறிந்த உண்மை இது. செலவைக் குறைக்க எண்ணிய அதிகாரிகள் 2014 ஏப்ரலில் டிட்ராயிட்டிலிருந்து வந்த ஏரி ஜலத்தை நிறுத்தி, உள்ளூர் ஆற்று ஜலத்தைக் குழாய்களில் விட்டனர். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் ஜலத்தில் கரைந்தது. இயந்திர உறுப்புக்கள் துருப்பிடிக்கின்றன என்று மோட்டார்த் தொழிற்சாலையொன்று அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்த ஜலத்தைக் கைவிட்டது. குழந்தைகளோ மேலும் ஓராண்டு அதையே பருகினர்! ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும். ஈயம் தங்கிச் செறியும். ஈயத்தை நீக்குமெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கரி வடிகட்டியைக் குழாயில் பொருத்தி, குளிர்ந்த நீரையே வடிக்க வேண்டும். வெந்நீர் அதற்கு ஆகாது.