யூனோ பலகையில் ஓர் அலைக்காட்டி

மல்டிமீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். அந்த மின்னழுத்தம் நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது, என்ன வடிவில் இறங்குகிறது என்பதைக் காட்டாது. அதைக் கண்ணால் பார்க்கத்தான் ஆசிலோஸ்கோப் எனும் அலைக்காட்டி. 1897-இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் செய்த எதிர்மின் கதிர்க்குழாயில் தொடங்கிய கருவி இது. இன்று ஆர்டுயினோ யூனோ என்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகையும் 128×64 புள்ளி ஓலெட் திரையும் இருந்தால், எளிய ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

யூனோவிலுள்ள ஏட்மெகா328பி சில்லுக்குள்ளேயே மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. இருக்கிறது. 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தத்தை அது 1024 படிகளாக அளக்கும். ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். சில்லின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 128-ஆல் வகுத்து அது ஓடுகிறது. ஓர் அளவீட்டுக்கு 13 துடிப்புகள் என்பதால், நொடிக்கு ஏறத்தாழ 9,600 அளவீடுகள் கிடைக்கும். 128-க்குப் பதில் 16-ஆல் வகுத்தால் 77,000-ஐ நெருங்கலாம். துல்லியம் சற்றுக் குறையும்.

இந்த வேகத்தை மறந்தால் திரை நம்மை ஏமாற்றிவிடும். நொடிக்கு 9,600 முறை அளக்கும்போது 9,500 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால், திரையில் 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று அழகாகத் தெரியும். அப்படி ஓர் அலையே அங்கு இல்லை! அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. வடிவம் தெரியப் பத்து மடங்காவது வேண்டும் என்பேன்.

அளந்ததை அப்படியே வரைந்தால் படம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்துவது டிரிகர். மின்னழுத்தம் 2.5 வோல்ட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் கணம்வரை காத்திருந்து, அங்கிருந்து 128 அளவீடுகளைச் சேமித்து, பிறகு வரைய வேண்டும். புரோகிராமில் சில வரிகள்தான். ஆனால் கருவிக்கு உயிரே அதில்தான். நினைவகத்திலும் கவனம் தேவை: மொத்தம் 2 கிலோபைட்டில் பாதியைத் திரையின் படமே எடுத்துக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க வேறு கருவி வேண்டாம். 9-ஆம் பின் தரும் 490 ஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம். (துடிப்பகலப் பண்பேற்ற) அலையை ஒரு கம்பியால் ஏ0 பின்னுக்குக் கொடுங்கள். ஆறு சதுர அலைகளுக்கு மேல் திரையில் வரிசையாக நிற்கும்.

பாட்டைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சிக்கல்: அதன் சிக்னல் சுழிக்குக் கீழும் இறங்கும்; ஏ.டி.சி.யோ 0 முதல் 5 வோல்ட் வரைதான் அளக்கும். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 10 கிலோஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராகப் போட்டு, அவை சேருமிடத்தை ஏ0 பின்னோடு இணைத்து, அங்கே ஒரு மின்தேக்கி வழியே சிக்னலைக் கொடுத்தால், அது 2.5 வோல்ட்டை நடுவாகக் கொண்டு ஆடும்.

வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் மட்டும் இதை ஒருபோதும் இணைக்காதீர்கள். யூனோவின் தரைமுனை யூ.எஸ்.பி. வழியே கணினியோடு சேர்ந்திருக்கிறது; கருவியும் கணினியும் போவதோடு உயிருக்கும் ஆபத்து.